வரப்பில் நின்ற ஆள்

பிளாரன்ஸ் அதை முதன்முதலில் பார்த்தது சாப்பாட்டு மேசையில்தான். எழுபத்தைந்தாம் வருஷம், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, விளமீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே அவள் புருஷன் வில்பிரட் கம்பெனி ஜீப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த டிரைவர் என்ன செய்வான்னா, பிரேக்க மிதிக்கதுக்கு முன்னாடியே..."

அங்கேயே நின்றுவிட்டான். கண் திறந்திருந்தது. பார்வை அவள் தோளுக்கு மேலே சுவரில் பதிந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் ஒரு சோற்றுப் பருக்கையை மற்ற விரல்களோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாய் எதையோ சப்புவதுபோல் மெல்ல அசைந்தது.

"என்னங்க? முள்ளு கிள்ளு மாட்டிக்கிட்டா?"

விரல் தேய்ப்பது நிற்கவில்லை. அவள் எழுந்து அவன் தோளைத் தொடப்போன சமயத்தில், "...கியரப் போட்டு நிறுத்திப்போடுவான்," என்று முடித்துவிட்டுச் சிரித்தான். அவளை நிமிர்ந்து பார்த்து, "ஏளா, என்ன எந்திச்சிட்ட?" என்று கேட்டான்.

அவள் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குசினிக்குள் போய் நின்றுகொண்டாள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்: "கீழே விழுந்து கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சில பேருக்குக் கண் திறந்தே இருக்கும். ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டார்."

வில்பிரட் விமானப் படையில் சரக்கு விமானம் ஓட்டியவன். அவன் அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லாரும் தூத்துக்குடியில் தோணி, கப்பல் என்று கடலோடு போனவர்கள். அவன் ஒருவன்தான் மேலே போனான். எழுபத்தொன்று யுத்தத்தின்போது அசாமில் பனிமூட்டத்தில் இறங்கிய அவன் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகி ஒரு பள்ளத்தில் மோதியது. தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் வலிப்பு வந்தது. இனி பறக்க லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உடல் ஊனத்துக்காக மாதாமாதம் ஒரு பென்சன் கொடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு வலிப்பு வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொரு வருஷமும் போயிற்று. மாத்திரையை அவனே நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் வயலுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. படையில் சேருவதற்கு முன்பே வில்பிரட் வாங்கியிருந்த லைசென்ஸ் கையில் இருந்தது. மருத்துவச் சான்று மட்டும் புதிதாக வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இதே மேசையில் வைத்துத்தான் நிரப்பினான். தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா, உடல் ஊனத்துக்காகப் பென்சன் ஏதும் பெறுகிறீரா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினான்.

பிளாரன்ஸ் பக்கத்தில்தான் நின்றாள். "பென்சன் வருதுல்லா? அதுக்குமா இல்லன்னு போடணும்?"

"ரெண்டு வருசமா ஒண்ணும் வரலல்லா. நல்லா இருக்கவன் நல்லா இருக்கேன்னுதான எழுதணும்?"

"அப்பம் பென்சன நிறுத்தச் சொல்லிருவியளா?"

அவன் சிரித்தான். "அது எதுக்கு ளா? நாளைக்குத் திரும்ப வந்திட்டா?"

அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மெட்ராஸில் அவனைச் சோதித்த டாக்டர் நாடி பார்த்தார், கண்ணையும் காதையும் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மற்றதற்கெல்லாம் அவன் சொன்னதைத்தான் நம்பவேண்டியிருந்தது.

*

அந்த வருஷம் தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவ நெல்லில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. பச்சையாக நின்ற பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீ வைத்ததுபோல் ஆகிவிடும். ஆத்தூர், முக்காணி பக்கத்து விவசாயிகள் கூடிப் பேசி விமானத்தை வரவழைத்திருந்தார்கள். ஆறுமுகநேரிக்கு மேற்கே செம்மண் பொட்டலைக் கெட்டிப்படுத்தி ஓடுதளம் போட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் உட்காரக்கூடிய மஞ்சள் விமானம். காற்று எழும்புவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். சாகுபுரம் ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வில்பிரட் கிளம்புவான்.

வயலின் கிழக்கு வரப்பில் ஓர் ஆள் மூங்கில் கம்பில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்த வரிசையில் மருந்து விழவேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். விமானம் அந்தத் துணியைக் குறிவைத்து நெற்கதிருக்கு மேல் ஒரு பனை உயரம்கூட இல்லாமல் பறந்து வரும். வரப்புக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கைத் தூக்கி அவர் தலைக்கு மேலே ஏறிப் போகும். அவர் அடுத்த வரிசைக்கு நடப்பார். விமானம் உப்பளத்துக்கு மேலே திரும்பி மறுபடி வரும்.

துணி பிடித்தவர் ஆத்தூர்க்காரர், மாடக்கண்ணு. நாற்பது வயதிருக்கும். சம்பளம் வாங்கத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் வெற்றிலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து பிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டு, "சார மாரி ஒரு மனுசன் கெடையாதும்மா. எந் தலமயிர எண்ணிட்டுப் போற மாரி போவாவ, ஒரு தூசி பட்டதில்ல," என்பார். ஒரு நாள் நீங்களும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளும் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை ஜீப்பில் போனாள். கம்பெனியின் பொறுப்பாளர் ஜீவமணி அவளை வயலோரம் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விமானம் முதல் தடவை வந்தபோது அவள் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மாடக்கண்ணு அசையாமல் நின்றார். சக்கரங்கள் அவருக்கு மேலே போனபோது துணி படபடத்து, வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் விமானம் இன்னொரு முறை மேற்கிலிருந்து வந்தது. வயலின் தலைமாட்டில் மருந்து திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை. இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையை எடுத்தால் தானாகவே மெல்ல மேலே ஏறும்படி அவன் விமானத்தைச் சரிசெய்து வைத்திருந்தான். அது அப்படியே ஏறி, மாடக்கண்ணுவைத் தாண்டி, திரும்பவேண்டிய உப்பளத்தையும் தாண்டி, நேராகக் கடலைப் பார்க்கப் போனது.

"சார் எங்க, இலங்கைக்கா போறாரு?" என்று மருந்து கலக்குகிறவர்களில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிளாரன்ஸ் எழுந்துவிட்டாள். விமானம் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் வெளிச்சத்தில் கரைந்தது. சத்தமும் நின்றது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, திரும்பத் திரும்ப முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து வடக்கே, யாரும் பார்க்காத திசையிலிருந்து சத்தம் கேட்டது. விமானம் திரும்பி வந்து, வயலுக்கு வராமல் ஓடுதளத்தில் போய் இறங்கியது. மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டது என்று வில்பிரட் ஜீவமணியிடம் சொன்னான். ஜீவமணி ஒவ்வொரு நாசிலாகக் கழற்றி ஊதிப் பார்த்தார். எதிலும் அடைப்பு இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸ் கேட்டாள். "கடலுக்கு மேல எதுக்குப் போனிய?"

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். மருந்து வாடை போக வெகு நேரம் கழுவினான். "நாசில்னு சொன்னேன்லா."

"அது ஜீவமணிட்ட சொன்னது. எங்கிட்ட சொல்லுங்க."

குழாயை மூடிவிட்டு நின்றான். "தெரியல ளா. கொடியப் பாத்தேன். அடுத்தாப்ல பாத்தா கீழ ஒரே தண்ணி. கரையவே காணும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

"இது எத்தனாவது தடவ?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டாவது," என்றான்.

அந்த 'எனக்குத் தெரிஞ்சு' அவளை உட்காரவைத்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொன்னாள். அது அவன் கணக்கில் இல்லை.

"நாளைக்கே போய்ச் சொல்லிருங்க."

"யார்ட்ட சொல்ல? சொன்னா லைசென்ஸ் போச்சு. பொய் எழுதிக்குடுத்தேன்னு கேஸ் போடுவான். அதோட விடுவானா? நல்லா இருக்கேன்னு எழுதினவனுக்குப் பென்சன் எதுக்குன்னு அதையும் பிடுங்குவான். ஒரு எடத்துல சீக்காளின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், இன்னொரு எடத்துல பயில்வான்னு போட்டிருக்கேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா நான் யாரு?"

"அங்கன ஒரு மனுசன் நிக்கானே?"

"பொங்கல் வரைக்குந்தான் பிளாரன்ஸ். பிசானத்துக்கு அடிச்சு முடிச்சிட்டு, ஒடம்புக்கு முடியலன்னு நானே நின்னுருதேன். மாத்திரையும் திரும்பப் போடுதேன்."

மாத்திரை போட்டான். போட்டால் பகலெல்லாம் தூக்கம் சொக்கியது. தூக்கக் கலக்கத்தோடு எப்படிப் பறப்பது என்று காலை மாத்திரையை மட்டும் விட்டுவிட்டான். கிறிஸ்மஸ் வந்தது. குடிலில் மாட்டையும் ஆட்டையும் அடுக்கும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் சும்மா அசைந்தாலும் அவளுக்குத் திக்கென்றது. அவன் அதைக் கவனித்துவிட்டு, அவள் இருக்கும் இடத்தில் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளத் தொடங்கினான்.

*

புது வருஷம் பிறந்த வாரத்தில் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆத்தூர் போனாள். கம்பெனியிடம் போனால் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பவேண்டிவரும். போகாவிட்டால் மாடக்கண்ணு நிற்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மாடக்கண்ணு கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி வந்து, "யம்மா, நீங்க ஏன் இம்புட்டுத் தொல வந்திய? ஆள் விட்டா நான் வந்திருப்பேன்லா," என்றார்.

"அண்ணாச்சி, நீங்க இனிமே கொடி பிடிக்கப் போவாதீங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அசாம், ஆஸ்பத்திரி, சாப்பாட்டு மேசை, கடல். அவர் கேட்டுக்கொண்டே கையிலிருந்த வெற்றிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவள் சொல்லி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னைக்கு நாக்காலி போட்டு உக்காந்திருந்தியளே, அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"சாருக்கும் தெரியும்."

அவள் தலையாட்டினாள்.

"கிறிஸ்மஸுக்குப் பணியாரம் குடுத்துவிட்டிய," என்றார். பிறகு எதையோ தள்ளுவதுபோல் கையை வீசினார். "போங்கம்மா. நான் போவல."

"வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. பொங்கலோட அவிய நிறுத்திருவாவ. கொஞ்ச நாள்தான்."

"நான் யார்ட்ட போய்ச் சொல்லப்போறேன்?" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குப் பல நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தது.

காலில் கருவேல முள் ஏறிவிட்டது என்று மாடக்கண்ணு ஜீவமணிக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் வரப்பில் துணியோடு நின்றது அவர் தங்கச்சி சங்கரம்மாளின் புருஷன் செந்தூர்பாண்டி. ரொம்ப நாளாகவே அந்த வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன். மச்சான் வரவில்லை என்றதும் அவனே போய் ஜீவமணியிடம் நின்றிருக்கிறான். மாடக்கண்ணு வாயைத் திறக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் கம்பெனி ஜீப் பிளாரன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜீவமணி இறங்கினார். அவர் சட்டையில் சேறு.

"சார் நல்லா இருக்காரும்மா. காறை எலும்பு முறிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"கொடி பிடிச்சவரு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"மாடக்கண்ணுக்கா?"

"அவரு வரலம்மா, காலுல முள்ளு. அவரு மச்சினன்தான் ஒரு வாரமா நின்னான்."

பிளாரன்ஸுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மாடக்கண்ணு இல்லை. அடுத்த கணம் ஜீவமணி சொன்னதன் மிச்சம் காதில் விழுந்தது.

அன்றைக்கு விமானம் வயல் முழுக்க மருந்தைக் கொட்டிக்கொண்டே வந்ததாம். வரப்பு நெருங்கியும் மூக்கு எழவில்லை. அப்போதுதான் நிரப்பிய தொட்டியின் பாரத்தில் தானாகவும் ஏறவில்லை. கை வைத்துத் தூக்கினால்தான் உண்டு. பழகிய ஆளாக இருந்தால் துணியைப் போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்திருப்பான். சார் மேலே தூக்கும்வரை அசையக் கூடாது என்று செந்தூர்பாண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் அசையவில்லை. சக்கரம் அவன் இடது கையைத் தோளோடு கொண்டுபோய்விட்டது. விமானம் அடுத்த வயலில் மூக்கு குத்தி நின்றது.

ஆஸ்பத்திரியில் ஜீவமணி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

"விசாரணைக்கு ஆபீசர் வாராரு. எஞ்சின் நின்னுட்டுன்னு சொல்லுங்க சார். எஞ்சின் சேத்துல புதைஞ்சு கெடக்கு, யாரும் மறுத்துச் சொல்ல முடியாது. அன்னைக்கு நாசில் அடைக்கலன்னு எனக்குத் தெரியும். நான் கேட்டேனா? அதே மாரிதான். நீங்க வேற ஏதாவது சொன்னா, சான்று பொய்யின்னு ஆயிரும். பொய்ச் சான்றுல பறந்த விமானத்துக்கு இன்சூரன்ஸ்காரன் சல்லி தரமாட்டான். செந்தூர்பாண்டிக்குக் கையும் போச்சு, நஷ்டஈடும் போச்சு. அவன நெனச்சுப் பாருங்க."

வில்பிரட் கண்ணை மூடிக்கொண்டான். பிளாரன்ஸுக்கு அவன் முகத்தில் தெரிந்தது என்னவென்று நன்றாகவே புரிந்தது. இந்தத் தடவை பொய் சொல்வது தர்மமாகவும் ஆகிவிட்டது.

மறுநாள் அவனால் எழுந்து நடக்க முடிந்தது. கூடத்தின் கடைசியில் செந்தூர்பாண்டி கிடந்தான். முகம் மஞ்சள் பாரித்திருந்தது. தலைமாட்டில் சங்கரம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் மாடக்கண்ணு நின்றிருந்தார். அவர் கால் நன்றாக ஊன்றியிருந்தது. வில்பிரட் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் செந்தூர்பாண்டி எழுந்திருக்கப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க சார்," என்றான். "நான் எடம் மாறி நின்னுட்டேம் போல. ஊருல எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. புது ஆளு, கொடியக் கோணலாப் பிடிச்சிட்டான், பிளேன் போச்சுன்னு. ஒங்களுக்கும் எலும்பு முறிஞ்சிட்டு."

வில்பிரட் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிளாரன்ஸ் அவசரமாக அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அசையவில்லை. அவன் முழுசாக அங்கேதான் இருந்தான்.

"நீ சரியாத்தான் நின்ன," என்றான். "நான்தான் இல்ல."

ஆபீசரிடமும் அதையே சொன்னான். அசாமிலிருந்து தொடங்கி எதையும் விடாமல் சொன்னான். ஜீவமணி வெளியே எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. லைசென்ஸ் ரத்தாயிற்று. வழக்கு வந்தது. ஜெயில் தண்டனை இல்லாமல் அபராதத்தோடு முடிந்தது. இன்சூரன்ஸ் கைவிரித்தது. கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. பென்சனை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. மறுபடி சோதித்த ராணுவ டாக்டர்கள் நோய் நிஜம் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பணத்தைச் செந்தூர்பாண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றான் வில்பிரட். பிளாரன்ஸ் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடிக்கப் போனாள். மாதம் ஒரு தடவை பென்சன் பணத்தை அவள்தான் ஆத்தூருக்குக் கொண்டுபோனாள். வில்பிரட்டைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்ப முடியாது. அவனும் அந்தப் பக்கம் போகக் கேட்கவில்லை.

விபத்துக்குப் பிறகு மாடக்கண்ணு அவளைத் தனியாகச் சந்தித்தது ஒரே ஒரு தடவைதான், ஆஸ்பத்திரி வாசலில். "நீங்க எங்கிட்ட வந்து சொன்னது சங்கரம்மாளுக்குத் தெரிய வேண்டாம்மா," என்றார். "முள்ளுன்னே இருக்கட்டும்." அவள் சரி என்றாள்.

ஐப்பசியில் ஒரு நாள். மழைக்கு மூட்டமாக இருந்தது. செந்தூர்பாண்டி ஏரல் போயிருந்தான். சங்கரம்மாள் பணத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். வழக்கமாக உடனே உள்ளே போய்விடுகிறவள் அன்றைக்குப் போகவில்லை.

"யம்மா, ஒண்ணு கேக்கணும்," என்றாள். "எங்க அண்ணனுக்கு முள்ளு ஏறுனதுன்னாவ. நான் அன்னைக்கே போய் எண்ணெய் காச்சி வைக்கலாம்னு கால நீட்டச் சொன்னேன். நீட்டல. அடுத்த நாளு கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு நிக்காரு. இப்பம் எங்க வீட்டுப் பக்கமே வாரதில்ல. பிள்ளையளப் பாத்தா ஒதுங்கிப் போறாரு. அவரு என்னத்துக்கு அன்னையில இருந்து போகல? ஒங்களுக்குத் தெரியுமா?"

பிளாரன்ஸ் தெரியாது என்று சொல்ல நினைத்தாள். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே நிற்கிறவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் போவாதீங்கன்னு சொன்னேன். அவியளுக்கு வலிப்பு இருக்குன்னு அவர்ட்ட வந்து சொன்னேன். வெளிய சொல்லாதீங்கன்னும் நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"எப்பம்?"

"ஒங்க வீட்டுக்காரரு கொடி பிடிக்கப் போனதுக்கு முந்தின நாளு."

சங்கரம்மாள் கத்தவில்லை. முந்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்ப முடிந்தாள். வாசலில் கிடந்த முறத்தை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு தெருவில் இறங்கி, அண்ணன் கொடிக்கால் இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கினாள். வேகமாகக்கூட நடக்கவில்லை.

தூறல் விழுந்தது. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. பிளாரன்ஸ் ஒரு நிமிஷம் நின்றாள். குடையை விரிக்காமலே சங்கரம்மாளுக்குப் பின்னால் நடந்தாள்.